ஏட்டில் ஏறாத ஊர்

ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் முதலில் கோவிலுக்குத்தான் போவார்கள். திருக்கோவலூர் மாதிரி ஊர் என்றால் கவலையே இல்லை. சுவர் முழுக்க எழுத்து. எந்த அரசன் காலத்தில் யார் விளக்கெரிக்க ஆடு விட்டார், எந்தச் சபை எந்த நிலத்தை என்ன விலைக்கு விற்றது என்று ஆயிரம் வருஷத்துக் கணக்கு அங்கே நிற்கிறது. ஆனால் கற்கோவில் இல்லாத ஊருக்கு என்ன செய்வது? முப்பது நாற்பது வீடு, சாமைக் கொல்லை, ஒரு மரத்தடியில் சாமி, ஒரு சுனை. இப்படிப்பட்ட ஊருக்கு வரலாறு இல்லையா, அல்லது நமக்குத் தேடத் தெரியவில்லையா?

கள்ளக்குறிச்சிப் பக்கத்து அன்பர்களுக்கு வெள்ளிமலையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே மலை ஏறினால் வரும் ஊர். கோடை விழாவுக்குப் போயிருப்பீர்கள், படகு குழாமில் பேரப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பீர்கள். அந்த ஊரின் கதையை எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன். எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வெளிநாட்டுக் கணக்கு ஒன்று. இங்கிலாந்தில் ஒரு சின்னக் குக்கிராமத்தின் வரலாற்றை எழுத நினைப்பவருக்கு நம் தொல்லை கிடையாது. 1066இல் அந்த நாட்டைப் பிடித்த நார்மண்டிக்காரரான வில்லியம், இருபது வருஷம் கழித்து 1086இல், ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார். இந்த ஊரில் எத்தனை ஏர், எத்தனை குடியானவர், எத்தனை மாவு ஆலை, ஊரின் மதிப்பு என்ன என்று எல்லாம் எழுதியாயிற்று. டூம்ஸ்டே புத்தகம் என்பது அதன் பெயர். வரி வாங்கத்தான் எழுதினார், வரலாற்றுக்காக அல்ல. ஆனாலும் இன்று அங்கே பத்து வீடு உள்ள ஊர்கூட, '1086இல் எங்கள் ஊரில் இரண்டு ஏர் இருந்தது' என்று சொல்லிக்கொள்கிறது. அதன்பின் 1538 முதல் மாதாகோவில் பதிவேடுகள் வந்தன. பிறந்தவர், மணந்தவர், இறந்தவர் பெயர்கள் அதில் ஏறின.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் படிப்பில் மனத்தில் தங்கிய ஒரு செய்தி உண்டு. 1789இல், புரட்சிக்குச் சில மாதங்கள் முன்பு, பிரான்சின் ஒவ்வொரு ஊரும் தன் குறைகளை எழுதி அனுப்பலாம் என்று அரசர் அறிவித்தார். உப்பு வரி தாங்கவில்லை, பிரபுவின் புறாக்கள் எங்கள் விதையைத் தின்கின்றன, பாலம் உடைந்து கிடக்கிறது என்று கிராமத்து மக்கள் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் குறைப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன. ஒரு சின்ன ஊர் முதல்முறையாகத் தன் வாயால் பேசியதன் பதிவு அது.

அந்தப் படிப்பு லுவார் ஆறு எந்த மலையில் உற்பத்தியாகிறது என்பதைச் சொல்லிக் கொடுத்தது. கோமுகி எங்கே உற்பத்தியாகிறது என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்த பிறகுதான் அதை அறிந்தேன். கோமுகியும் மணிமுத்தாவும் இந்தக் கல்வராயன் மலையில் பிறந்து, கீழே இறங்கி, ஒன்று சேர்ந்து, விருத்தாசலத்தைத் தொட்டு, வெள்ளாற்றில் கலக்கின்றன. மலையில் பெய்த மழை கடைசியில் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருகிறது. கீழே நெல்லும் கரும்பும் விளைவது மலையின் தயவால். இதைக் கீழ்நாட்டார் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வடக்கே ஜவ்வாது மலை, மேற்கே சேர்வராயன் மலை, தெற்கே பச்சைமலை. வடபாதியைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பாதியைப் பெரிய கல்வராயன் என்றும் சொல்வது வழக்கம். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, கிளாக்காடு, மணியார்பாளையம், தொரடிப்பட்டு என்று கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு ஊருக்குள்ளும் பல குக்கிராமங்கள் அடக்கம்.

வெள்ளிமலை என்ற பெயர் தமிழ்நாட்டில் ஒன்றல்ல. குமரி மாவட்டத்தில் முருகன் கோவில் உள்ள வெள்ளிமலை இருக்கிறது. தேனி மாவட்டத்தில் வருசநாட்டுப் பக்கம் ஒரு வெள்ளிமலை இருக்கிறது. கயிலாயத்துக்கே தமிழில் வெள்ளிமலை என்று பெயர். ஆகவே பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வெள்ளி வெட்டினார்கள் என்று கதை கட்டுவதில் பொருள் இல்லை. மலையை வணங்கியவர்கள் வைத்த பெயர் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

மலை மக்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். பட்டப் பெயர் கவுண்டர். இவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் காஞ்சியை விட்டுக் கிளம்பினார்கள். கரியராமன் என்ற தங்கள் தெய்வத்தைப் பின்தொடர்ந்து வந்தார்கள் என்பது ஒரு பாடம். வழியில் பிரிந்து ஆளுக்கொரு மலையில் ஏறிக் குடியமர்ந்தார்கள். யார் எந்த மலைக்குப் போனார் என்பதில் மலைக்கு மலை பாடம் மாறும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலில் இந்தக் கதைகள் பதிவாகியிருக்கின்றன.

இது நடந்ததா என்று கேட்டால், சகோதரர் மூவர் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கதை சும்மாவும் பிறப்பதில்லை. சமவெளியில் போரும் பஞ்சமும் வரிக் கொடுமையும் வந்த போதெல்லாம் குடியானவர்கள் மாடு கன்றோடு மலையேறினார்கள் என்ற நினைவு அதற்குள் இருக்கிறது. 'நாங்கள் கீழே இருந்து வந்தவர்கள், உங்கள் மொழிக்காரர்கள், உங்கள் சாமியைக் கும்பிடுகிறவர்கள்' என்று அந்தக் கதை நமக்குச் சொல்கிறது. கல்வெட்டு இல்லாத ஊர் தன் கல்வெட்டை வாயில் வைத்திருக்கிறது.

இந்த மலையாளி என்ற பெயரால் வந்த சங்கடம் கொஞ்சமல்ல. ஓர் அலுவலகத்தில், பெயரைச் சொல்ல வேண்டாம், சாதிச் சான்றுக்கு வந்த மலைப் பையன் ஒருவனிடம், "நீ மலையாளி என்கிறாயே, கேரளாவிலிருந்து எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். பையன் விழித்தான். சட்டத்தில் இருப்பது இதுதான்: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய பழைய மாவட்டங்களின் மலையாளிகள் பழங்குடியினர். அதாவது பழங்குடி என்பது ஆளை மட்டும் பொறுத்ததல்ல, மாவட்ட எல்லையையும் பொறுத்தது. அதே மக்கள் ஈரோட்டுப் பக்கம் பர்கூர் மலையில் இருந்தால் அந்தப் பட்டியலில் இல்லை. காகிதத்தில் இழுத்த கோடு ஒரு குடும்பத்தின் படிப்பையும் வேலையையும் தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கோடு என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. ஒரே மலை ஏன் சேலத்துக்குப் பாதி, கள்ளக்குறிச்சிக்குப் பாதி என்று கிடக்கிறது? மலையைப் பார்த்தால் காரணம் தெரியாது. சமாதான உடன்படிக்கைகளைப் பார்த்தால் தெரியும். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தோற்ற திப்பு சுல்தான் சேலம், பாராமகால் பகுதிகளை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தார். இந்தப் பக்கமோ ஆர்க்காட்டு நவாபின் நாடு. அது 1801 உடன்படிக்கையில்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மைசூருக்கும் ஆர்க்காட்டுக்கும் நடுவில் நின்ற மலை, ஒன்பது வருஷ இடைவெளியில் இரண்டு துண்டாகக் கும்பெனிக்குப் போயிற்று. இரண்டு துண்டும் இரண்டு மாவட்டமாகவே தங்கிவிட்டன. மலைக்காரரை யாரும் கேட்கவில்லை.

அதற்கு நாற்பது வருஷம் முன்பு மலையடிவாரம் பிரெஞ்சுக்காரர்களையும் பார்த்தது. நம் தியாகதுருகம் கோட்டை பிரெஞ்சு, ஆங்கிலேயப் போரில் பெரிய பேரப்பொருள். 1760இல் புதுச்சேரி முற்றுகைக்கு ஆளானபோது, லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி ஹைதர் அலியின் உதவியைக் கேட்டு, அதற்கு விலையாகத் தியாகதுருகத்தை அவரிடம் ஒப்படைக்க இசைந்தார். உதவி நிலைக்கவில்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. அடுத்த மாதமே தியாகதுருகமும் ஆங்கிலேயர் வசம் வந்தது. ஏப்ரலில் செஞ்சி போயிற்று. படைகள் இப்படி அடிவாரத்தில் போய் வந்த காலத்தில், அரிசியும் மாடும் பறிகொடுத்த கீழ்நாட்டுக் குடியானவனுக்கு மலை எப்படித் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனை அரசுகள் மாறியும் மலைக்குள் ஆட்சி ஜாகீர்தார்களுடையது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். சேலம் பக்கத்தில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்பது அவர்கள் மரபு. அந்த அரசர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. நவாபு வந்தார், போனார். கும்பெனி வந்தது, அரசியார் ஆட்சி வந்தது. எல்லாரும் ஜாகீர்தாரோடு பேசினார்கள். ஜாகீர்தார் குடிகளிடம் வரி வாங்கினார். வெள்ளிமலைக்காரருக்கு அரசாங்கம் என்றால் ஜாகீர்தார்தான்.

1947இல் சுதந்திரம் வந்தது. 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. சமவெளியில் ஜமீன் கணக்குகள் எல்லாம் ரயத்துவாரிக்கு மாறி, குடியானவன் கையில் பட்டா ஏறியது. இந்த மலையின் ஜாகீர்கள் அரசின் கைக்கு வந்து சேர்ந்தது 1976இல். நெருக்கடி நிலைக் காலம். அதுவரை ஏறக்குறைய முப்பது வருஷம், சுதந்திர இந்தியாவுக்குள் ஒரு பழைய பாளையம் உயிரோடு இருந்தது.

இதைப் புதுச்சேரிக்காரன் கண்ணால் பார்க்கும்போது ஒன்று தோன்றும். பிரெஞ்சு இந்தியா 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16 அன்று. 'நாங்கள் பதினைந்து வருஷம் தாமதமாகச் சுதந்திரம் பெற்றவர்கள்' என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தத் தாமதத்துக்கு இரண்டு விழா நாள், கொடியேற்றம், தியாகிகள் பட்டியல் எல்லாம் உண்டு. வெள்ளிமலையின் தாமதம் அதைப் போல இரண்டு பங்கு. அதற்கு ஒரு கொடிக்கம்பம்கூட இல்லை.

1976க்குப் பிறகு என்ன ஆயிற்று? அரசு வந்தால் அளவை வரும், புல எண் வரும், அ-பதிவேடு வரும். வருவாய்த் துறையில் இருந்தவர்களுக்கு இது புரியும். பதிவேட்டில் ஏறாத நிலம் யாருடையதும் அல்ல. காலங்காலமாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்த கொல்லை எது, காடு எது என்று காகிதத்தில் பிரிக்கும்போது தகராறு வந்தே தீரும். தலைமுறையாக உழுதவனுக்கு அதைக் காட்டத் தாள் இல்லை. அவன் தாத்தாவிடம் ஜாகீர்தார் வாய்ச்சொல்லாகச் சொன்னதற்கு நகல் எங்கே வாங்குவது? 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்து வாழும் பழங்குடியினருக்கு உரிமை உண்டு என்றும், அந்தக் கோரிக்கையை முதலில் கிராம சபையே கேட்டு விசாரிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. தாள் இல்லாவிட்டால் ஊர்ப் பெரியவர் வாக்குமூலத்தையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் விதிகளில் இருக்கிறது. வாய்மொழிக்கு அரசாங்கத்தில் ஒரு மரியாதை கிடைத்த அபூர்வமான இடம் அது.

பயிரும் மாறியது. சாமைக் கொல்லைகளில் மரவள்ளி ஏறியது. கிழங்கு லாரியில் இறங்கி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. ஒரு காலத்தில் மலையின் பெரிய சரக்கு கடுக்காய். வைத்தியத்துக்கு மட்டுமல்ல, தோல் பதனிடவும் கடுக்காய்தான். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் கிடங்குகளுக்கும், சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் தமிழ்நாட்டு மலைகளின் கடுக்காய் போயிற்று. ரசாயனப் பதனீடு வந்த பிறகு அந்த மதிப்பு இறங்கிவிட்டது. ஐரோப்பாவில் யாரோ ஒருவர் காலில் போட்டிருந்த செருப்புக்கும் மலையில் கடுக்காய் பொறுக்கிய ஒரு கிழவிக்கும் அன்று தொடர்பு இருந்தது. இருவருக்கும் அது தெரியாது.

பாதையும் வந்தது. பேருந்து வந்தது. வெள்ளிமலை இன்று கல்வராயன்மலை ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம், தனி வட்டத்தின் தலைமையிடம். முன்பு மாவட்டத் தலைநகர் கடலூர். மலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். 1993இல் விழுப்புரம் ஆயிற்று. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டம் ஆன பிறகுதான், கலெக்டரைப் பார்த்து மனு கொடுத்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிகிறது. சிறிய வசதி என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மனுவோடு நின்றவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

இப்போது நான் எழுத வந்த காரணத்தைச் சொல்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நாடே நம் ஊரைப் பார்த்தது. உடனே எல்லார் விரலும் கல்வராயன் மலையை நோக்கி நீண்டது. 'மலைக்காரன் காய்ச்சுகிறான்' என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மலையில் சாராயம் காய்ச்சியது உண்டு, மறைப்பதற்கில்லை. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்தது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு. ஊறல் போட்டுக் காய்ச்சி வருவது அல்ல. அந்த ஜூலையிலேயே சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கு எடுத்து விசாரித்தது. பாதை, பள்ளி, மருத்துவமனை, வேலை என்னென்ன இருக்கிறது, இல்லை என்று அரசைக் கேட்டது. அப்போதுதான் ஜாகீர், 1976 என்ற பேச்செல்லாம் பத்திரிகையில் வந்தது. கள்ளக்குறிச்சியில் பிறந்து வளர்ந்த பலர் அதை முதல்முறையாக அன்றுதான் படித்தார்கள்.

எனக்கு உறுத்தியது அதுதான். ஐந்நூறு வருஷமாக இருக்கும் ஊர்கள் போலீஸ் ஏட்டில் ஏறிய அளவு வேறு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று ஒரு பழைய எழுத்தனாக எனக்கு ஒரு விடை தெரியும். அலுவலகத்தில் ஒரு கோப்பை முடிக்கும்போது அதன் ஆயுளையும் எழுதுவோம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். என்றால் பத்து வருஷம். கே.டிஸ். மூன்று வருஷம். எல்.டிஸ். ஒரே வருஷம். எங்கள் ஊருக்குப் பாதை போடுங்கள், கிணறு வெட்டுங்கள், வாத்தியார் வருவதில்லை என்று குக்கிராமங்களிலிருந்து வந்த மனுக்கள் பெரும்பாலும் எந்தக் கட்டில் போய்ச் சேரும் என்பதை என்னோடு வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருஷம் ஆனதும் கட்டுக் கட்டாகப் பிரித்து அழிப்பார்கள். விதி அப்படி. இடம் வேண்டாமா? பிரான்சில் 1789இல் எழுதிய குறைப் புத்தகத்தை இன்றும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நம் மலை ஊர்களின் குறைப் புத்தகம் எல்.டிஸ். ஆகிவிட்டது.

போனது போகட்டும். இருப்பதையாவது எழுதி வைக்கலாம். மலையில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1976இல் அவர்களுக்கு முப்பது வயது. ஜாகீர் காலத்தை ஆளான பிறகு பார்த்த கடைசித் தலைமுறை அவர்கள்தான். வரியை எதில் அளந்தார்கள், பணமா தானியமா, யார் வந்து வாங்கினார்கள், முதல் பேருந்து வந்த அன்று ஊர் என்ன செய்தது, முதல் பட்டாவில் யார் பெயர் இருந்தது, ஒவ்வொரு கொல்லைக்கும் ஓடைக்கும் என்ன பெயர், பிரசவத்துக்குத் தூளி கட்டி யாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கேட்டால் சொல்வார்கள். இன்னும் பத்து வருஷம் கழித்துக் கேட்க ஆள் இருந்தாலும் சொல்ல ஆள் இருக்காது.

இதற்குப் பெரிய ஆராய்ச்சியாளர் வேண்டாம். மலைப் பள்ளிகளில் படிக்கும் பேரப் பிள்ளைகள் ஒரு நாற்பது பக்க நோட்டோடு தாத்தா பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அங்கே ஆசிரியராகவோ செவிலியராகவோ வேலை பார்க்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால் இதைச் சொல்லுங்கள். நம்மில் மலையில் கிராம நிர்வாக அலுவலராகவோ சர்வேயராகவோ இருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் நினைவை எழுதலாம். கேட்கும்போது தேதியும் இடமும் போட்டு, சொன்னவர் பெயரையும் வயதையும் அவர் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அது பழைய எழுத்தனின் பழக்கம், ஆனால் நாளைக்கு உதவும்.

அப்படி எழுதிய நோட்டு எங்காவது சேர்ந்தால், அதன் மேலட்டையில் மறக்காமல் ஆர்.டிஸ். என்று போட்டுவிடுங்கள்.